கொப்பரை ஆகாத திராட்சை

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பத்திரிகைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதின. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்பதுதான் அந்தச் செய்தி. படித்ததும் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஒயின் நாட்டுக்காரர் ஒருவர் கொடியைக் கொண்டுவந்து ஏறத்தாழ 190 ஆண்டுகள் ஆகின்றன. நாசிக்கில் ஒயின் தொழில் வேரூன்றி இன்னும் முப்பது ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. அங்கே அது பெரிய தொழிலாகிவிட்டது. நம்மிடம் ஏன் ஆகவில்லை?

நான் தோட்டக்கலைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் சில ஆண்டுகள் தொண்டாமுத்தூர்ப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில்தான் கழிந்தன. எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை; குடியைச் சிபாரிசு செய்யவும் இதை எழுதவில்லை. இது குடிக்கிறவனைப் பற்றிய கதை என்பதைவிட விளைவிக்கிறவனைப் பற்றிய கதை. அப்படி நினைத்துக்கொண்டு படியுங்கள்.

பானம் வந்தது முதலில்

ஒயின் நம் நாட்டுக்குப் புதிது என்று பலர் நினைக்கிறார்கள். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்தி இனிதாக வாழ்வாயாக என்பது அந்த வாழ்த்தின் ஒரு பகுதி. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டியபோது, இரண்டு பக்கமும் பிடி வைத்த ரோமானிய ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றில் வந்த சரக்குகளில் ஒயின் முக்கியமானது.

நம் கொங்கு நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மேற்குக் கடற்கரையில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் நோக்கிப் போனது நம் பக்கமாகத்தான். கோவை வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகள் அதற்குச் சாட்சி. ஆனால் அன்றைக்கு யவனர் கப்பலில் வந்து இறங்கியது பானம். கொடி வந்த கதை வேறு.

பாதிரியார் கொண்டுவந்த கொடி எது?

திராட்சை என்பது வடமொழி வழியாக வந்த சொல். பழைய கிறித்தவ நூல்களைப் புரட்டினால் கொடிமுந்திரி என்ற அழகான பெயர் கண்ணில் படும். அந்தப் பெயர் அந்த நூல்களில் அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. கத்தோலிக்கப் பூசைக்கு ஒயின் கட்டாயம். அதுவும் திராட்சையிலிருந்து எடுத்த, கலப்பில்லாத ஒயினாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கடல் கடந்து வந்த குருக்களுக்குக் கொடியின் மேல் அக்கறை இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

இந்தியத் திராட்சையின் வரலாற்றை எழுதிய தோட்டக்கலை அறிஞர்கள், 1832 வாக்கில் சேலம், மதுரை மாவட்டங்களில் கிறித்தவ மிஷனரிகள் திராட்சையை அறிமுகம் செய்ததாகக் குறிப்பிடுகிறார்கள். கவனியுங்கள், சேலமும் அதில் இருக்கிறது. நம் வாசல்படியில்தான் கொடி இறங்கியிருக்கிறது.

ஆனால் பத்திரிகைச் செய்தியில் ஒரு கணக்கு இடிக்கிறது. பன்னீர் திராட்சைக்கு உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதை உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரர் அல்லர், ஆங்கிலேயர். பெட்ஃபோர்டுஷயரில் ரெஸ்ட் பார்க் என்ற பிரபுவின் மாளிகையில் தோட்டக்காரராக இருந்த சீவார்டு ஸ்னோ, 1850 வாக்கில் இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்க்கை செய்து இதைப் பெற்றார். ஒன்று பிளாக் ஹாம்பர்க், மற்றது அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட். பின்னாளில் மரபணுச் சோதனையும் இந்தத் தாய் தகப்பனை உறுதி செய்தது. 1850-இல் பிறந்த குழந்தையை 1832-இல் யாரும் தூக்கிவர முடியாது. ஆகவே பாதிரியார் கொண்டுவந்தது வேறு ஏதோ ஒரு கொடி. பன்னீர் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

இது வெறும் தேதிச் சண்டை அல்ல. இங்கிலாந்தின் குளிரில் அன்று திராட்சையைக் கண்ணாடி வீட்டுக்குள் நெருப்பு மூட்டிச் சூடேற்றி வளர்த்தார்கள். பிரபுக்கள் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டில் வைத்துத் தின்பதற்காக வளர்த்த பழம் அது. ஆக, நம் பன்னீர் பிறவியிலேயே தின்கிற பழம். ஒயினுக்காகப் பிறந்த கொடி அல்ல.

இருந்தாலும் அதன் வாசனை ஊர் ஊராகப் பேர் வாங்கியது. நாம் பன்னீர் என்கிறோம். கர்நாடகத்தில் குலாபி என்கிறார்கள். சீனர்கள் அதற்கு வைத்த பெயருக்கும் ரோஜா மணம் என்றுதான் பொருள். மூன்று தேசத்து மூக்கும் ஒன்றையே சொல்லியிருக்கிறது!

சீனர்கள் அதோடு நிற்கவில்லை. பினாங்குக்குச் சுற்றுலா போனவர்கள் அங்கே நீல மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் சொந்தக்காரரான சீனச் செல்வர் சாங் பிஷிதான் 1892-இல் யாண்டாய் நகரில் சாங்யூ என்ற ஒயின் ஆலையைத் தொடங்கினார். பின்னர் 1980-இல் தியான்ஜினில் பிரான்சின் ரெமி மார்ட்டின் நிறுவனத்தோடு கூட்டாக டைனஸ்டி என்ற ஆலை வந்தது. அங்கே இதே மஸ்கட் ஹாம்பர்க்கில் வெள்ளை ஒயின் செய்தார்கள். கறுப்புப் பழத்தில் வெள்ளை ஒயினா என்று கேட்காதீர்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது. பிழிந்த சாற்றைத் தோலோடு ஊறவிடாமல் உடனே பிரித்துவிட்டால் நிறம் ஏறாது. தின்கிற பழத்திலும் விற்பனைக்குத் தகுந்த ஒயின் செய்யலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

பெரியாறு தண்ணீரும் கவாத்துக் கத்தியும்

பன்னீர் வேரூன்றிய இடம் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த பெரியாறு அணையின் தண்ணீர் அந்தப் பள்ளத்தாக்கின் முகத்தையே மாற்றியது. இன்றைக்குச் சுருளிப்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று பத்து கிராமங்களில் சுமார் 2,000 ஏக்கரில் பன்னீர் இருக்கிறது. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

குளிர் நாட்டில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். வருடத்துக்கு ஒரே வெள்ளாமை. நம் வெயிலில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து வெட்டுவதுதான் அதற்குப் பனிக்காலம். எப்போது வெட்டுகிறோமோ அப்போது புதுத் துளிர் விட்டு, பூத்து, ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் பழுக்கும். இரண்டு வருடத்தில் ஐந்து வெள்ளாமை எடுக்கிறவர்கள் உண்டு. ஒருவர் தைக்கு வெட்டினால் இன்னொருவர் மாசிக்கு வெட்டுவார். அதனால் எல்லா மாதமும் ஏதோ ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். நம் ஊர்ச் சந்தையில் தள்ளுவண்டித் திராட்சை வருடம் முழுக்கக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

ஆனால் இந்த வரத்துக்கு ஒரு விலை உண்டு. ஓய்வில்லாமல் காய்க்கும் கொடி பழத்தில் சர்க்கரையைச் சேர்த்துவைக்க நேரம் போதாது. ஒயினுக்குப் பறிக்கும் பழத்தில் பொதுவாக நூற்றுக்கு இருபத்திரண்டு, இருபத்து நான்கு பங்கு சர்க்கரை பார்ப்பார்கள். அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் சாராயச் சத்தாக மாற்றுகிறது. சந்தைக்கு அவசரமாகப் பறிக்கும் பழத்தில் அந்த அளவு வருவது கடினம். ஒயின்காரன் குறைந்த மகசூலும் அடர்ந்த சாறும் கேட்பான். சந்தைக்காரன் நிறைந்த கூடை கேட்பான். இரண்டும் வேறு வேறு விவசாயம்.

கோவைப் பந்தல்கள்

கோவையும் அன்றைய மதுரை மாவட்டமும்தான் தமிழ்நாட்டுத் திராட்சையின் இரண்டு கண்கள். தொண்டாமுத்தூர், நரசீபுரம், மாதம்பட்டிப் பக்கம் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குப் பந்தல் போட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் வீட்டுத் திண்ணை மாதிரி குளிர்ச்சி. பன்னீரைத் தவிர, பச்சைத் திராட்சை என்று நாம் சொல்கிற போக்ரி ரகமும், ஹைதராபாத்திலிருந்து பரவிய அனாபிஷாகியும் இருந்தன. எல்லாமே தின்கிற ரகங்கள்.

அந்தத் தோட்டங்களில் நான் அதிகம் பேசியது அடிச்சாம்பல் நோயைப் பற்றித்தான். ஐப்பசி மழையில் பூக்கொத்தையே கருக்கிவிடும் பூஞ்சாணம் அது. மருந்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. தென்னைக் குருத்தழுகலுக்கு நம் வெள்ளகோவில் தோட்டங்களிலும் இதைத்தான் பசையாகக் குழைத்துத் தடவுகிறோம். அந்தப் போர்டோ என்பது பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன ஊர். அங்கே சாலையோரப் பழத்தை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க, பார்த்தால் விஷம்போலத் தெரியட்டும் என்று இந்தக் கலவையைக் கொடியில் தெளித்து வைத்தார்களாம். மில்லார்டே என்ற பேராசிரியர் 1882-இல் ஒன்றைக் கவனித்தார்: தெளித்த ஓரத்துக் கொடிகளில் நோய் இல்லை, உள்ளே இருந்தவை கருகிக் கிடந்தன. 1885-இல் அதை மருந்தாக உலகுக்கு அறிவித்தார். திருடனுக்கு வைத்தது பூஞ்சாணத்தைப் பிடித்தது. ஒயின் நாட்டிலிருந்து ஒயின் தொழில் நம் தோட்டத்துக்கு வரவில்லை. அதன் மருந்து வந்துவிட்டது.

மாதம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர் இருந்தார். மூன்று ஏக்கர் பன்னீர். ஒரு தரம் பழம் முற்றிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வியாபாரி வந்து பந்தலுக்குள் நின்று, மேகத்தைப் பார்த்துக்கொண்டே விலை பேசினார். முந்தின வாரம் சொன்னதில் பாதி. பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டார். அவர் போனபின் நான், "இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமே ஐயா" என்றேன்.

"எனக்குப் பொறுக்கத் தெரியுமுங்க தம்பி. பழத்துக்குத் தெரியோணுமில்ல? நாளைக்குப் பழம் வெடிச்சுப்போச்சுன்னா அந்தப் பாதியும் போச்சுங்க" என்றார்.

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. திராட்சையின் பொருளாதாரம் முழுவதையும் அவர் அந்த ஒரு பேச்சில் சொல்லிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

சட்டம் வைத்த வேலி

பழத்துக்குப் பொறுக்கத் தெரியவில்லை என்றால், பொறுக்கத் தெரிந்த வேறு பொருளாக அதை மாற்ற வேண்டும். உலர்த்தினால் கிஸ்மிஸ், பன்னீரில் விதை இருப்பதால் அதற்குத் தோது இல்லை. இன்னொரு வழி ஒயின். அந்த வழியில் நம் நாட்டில் ஒரு வேலி இருந்தது.

இராஜாஜி 1937 அக்டோபரில் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். மிஷனரிகள் கொடி நட்டதாகச் சொல்லப்படும் அதே சேலம்! 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. கள்ளால் அழிந்த குடும்பங்களை நம் தாய்மார்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. 1971-இல் கலைஞர் அரசு அதைத் தளர்த்தியது, சில ஆண்டுகளில் மறுபடி மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் மீண்டும் திறந்தது. 1983-இல் டாஸ்மாக் உருவாயிற்று. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனை காலமும் திராட்சாரிஷ்டம் ஆயுர்வேத மருந்துக் கடையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. உலர்ந்த திராட்சையைக் காய்ச்சி, வெல்லம் சேர்த்து, காட்டாத்திப் பூ போட்டுப் புளிக்க வைப்பதுதான் அது. பசி எடுக்கவில்லை, உடம்பு தேறவில்லை என்றால் நம் அம்மிச்சிகள் மூடியில் அளந்து குடித்தார்கள். யாரும் அதை மது என்று சொன்னதில்லை.

கதவு திறந்த பிறகும் ஒயினுக்குத் தனி வழி அமையவில்லை. பிராந்தி, ரம் விற்கும் அதே கடை, அதே கம்பிக் கதவு. கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஒயின் ஆலை வந்தது உண்மைதான். ஆனால் ஓர் ஆலை தொழில் ஆகாது.

நாசிக்கில் நடந்தது

மகாராஷ்டிரத்திலும் திராட்சை முதலில் தின்கிற பழம்தான். 1980-களில் ஷாம்ராவ் சௌகுலே என்ற தொழிலதிபர் பூனா அருகே நாராயண்காவில் இண்டேஜ் ஆலையைத் தொடங்கி, பிரெஞ்சு முறையில் நுரை ஒயின் செய்தார். 1988-இல் கன்வல் குரோவர் பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலை அடிவாரத்தில் தொழில் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ராஜீவ் சமந்த் நாசிக்கில் 1997-இல் பிரெஞ்சு ரகங்களை நட்டு, 2000-இல் சூலா ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

மூன்று பேரும் தின்கிற பழத்தை நம்பவில்லை. செனின் பிளாங்க், சாவினியோன் பிளாங்க், ஷிராஸ், கபெர்னே சாவினியோன் என்று ஒயினுக்கென்றே உள்ள, சிறிய பழமும் தடித்த தோலும் கொண்ட ரகங்களைப் பார்த்து நட்டார்கள். 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் கொள்கையை அறிவித்து ஆலைகளுக்கு வரிச்சலுகை கொடுத்தது. 2007-இல் கர்நாடகமும் ஒயின் கொள்கை கொண்டுவந்தது. அங்கே புதிய ரகங்களோடு பெங்களூர் புளூ என்ற உள்ளூர்க் கறுப்புத் திராட்சைக்கும் வேலை கிடைத்தது. இனிப்பான போர்ட் வகை ஒயினுக்குப் பல காலமாகப் பயன்பட்ட திராட்சை அது.

ரகம், அரசின் கொள்கை, விற்க ஓர் இடம். மூன்றும் சேர்ந்தபோதுதான் தொழில் உண்டாயிற்று. நம்மிடம் கொடி மட்டும் இருந்தது.

உடனே, "அப்படியானால் நாமும் ஆலை வைக்கலாமே" என்று கிளம்பிவிட வேண்டாம். 2008-க்குப் பிறகு உலகமெங்கும் வந்த பண நெருக்கடியில் ஒயின் விற்பனை சரிந்தது. இண்டேஜ் கடனில் மூழ்கியது. ஆலையை நம்பி ஒயின் ரகம் நட்ட நாசிக் விவசாயிகள் பலர் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள். பன்னீரை விலை குறைந்தாலும் தள்ளுவண்டியில் விற்கலாம். ஒயின் ரகத்தை யார் வாங்கித் தின்பார்கள்? ஒரே வாசல் உள்ள வீட்டில் அந்த வாசலும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அனுபவித்தார்கள்.

நம் ஊர்க் கணக்கு

வெள்ளகோவில் திராட்சை ஊர் அல்ல. பி.ஏ.பி. கடைமடைக்காரர்களான நமக்குத் தண்ணீர் வருவதே பெரும்பாடு. ஆனால் இந்தக் கதை நமக்குப் புரியும் அளவுக்கு மற்றவர்களுக்குப் புரியாது. தேங்காய் விலை இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? உடைத்துக் களத்தில் காயப்போட்டுக் கொப்பரை ஆக்குகிறோம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு இந்த வாரம் கொண்டுபோகலாம், விலை பிடிக்காவிட்டால் இரண்டு வாரம் கழித்தும் போகலாம். அதையும் தாண்டினால் செக்கு இருக்கிறது, எண்ணெய் ஆகிறது. தேங்காய்க்காரன் வியாபாரியின் கண்ணைப் பார்த்து, "இந்த விலைக்குக் கட்டாதுங்க" என்று சொல்ல முடிவது கொப்பரை இருப்பதால்தான்.

முருங்கைக்காரனுக்கு அந்தத் தெம்பு இல்லை. மூலனூர், வெள்ளகோவில் பக்கம் காய் கொட்டும் மாதங்களில் பறிகூலிக்குக் கட்டாமல் மரத்திலேயே விட்டதை நாம் பார்த்திருக்கிறோம். இப்போது இலையைக் காயவைத்துப் பொடியாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். விதையில் எண்ணெய் எடுக்கிறார்கள். முருங்கைக்கும் மெல்ல ஒரு கொப்பரை உண்டாகிக்கொண்டு வருகிறது.

திராட்சைக்கு ஒயின் என்பது கொப்பரைதான். குடியானவன் கெட்டுப்போகும் பழத்தை அடுத்த வருடம்வரை காப்பாற்றக் கண்டுபிடித்த உபாயம் அது. அந்த உபாயம் வேண்டாம் என்று நம் சமூகம் முடிவு செய்தது. அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. வீட்டில் ஒரு குடிகாரனை வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டவர்கள் யாரும் அந்த முடிவைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு வாசலை அடைத்தவர்கள் இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சாறு எடுக்கும் ஆலை, ஜாம், குளிர்பதனக் கிடங்கு, விதையிலிருந்து எண்ணெய் என்று எத்தனையோ வழி இருக்கிறது. அவை போதுமான அளவுக்கு வரவில்லை. அந்த முடிவின் செலவை மொத்தமாகப் பந்தலுக்கு அடியில் நின்றவனே கட்டினான்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் இப்போது போகிறவர்கள் பாருங்கள். நான் வேலை பார்த்த காலத்துப் பந்தல்களில் பல இன்று இல்லை. சில இடங்களில் பாக்கும் தென்னையும் வந்துவிட்டன, சில இடங்களில் வீட்டு மனைகள். நான் முன்பு சொன்ன மூன்று ஏக்கரும் மனை போட்டாகிவிட்டது. பெரியவர் இன்று இல்லை. கம்பி தாங்கிய கல்தூண்களை எடுத்து மனைகளுக்கு எல்லைக்கல்லாக நட்டிருக்கிறார்கள். சில தூண்களின் தலையில் போர்டோ கலவையின் நீலக் கறை இன்னும் போகவில்லை.